கறுப்பு வெள்ளையில் ஒரு கல்யாணம்

அத்தியாயம் 7

"இந்தப் படத்துல நான் எங்கனா இருக்கேனா? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அரிகரன் சோபாவில் சாய்ந்துகொண்டார். பாகூரில் அவர் வீட்டுக் கூடத்தில் சுவரை அடைத்துக்கொண்டிருந்த டி.வி.யில் ஒரு கோயில் வாசல் கறுப்பு வெள்ளையில் நடுங்கியது. மாலை போட்ட ஓர் ஆணும் பெண்ணும் நின்றார்கள். சுற்றி மூன்று தலைகள். ஆணின் கைகள் உயர்ந்தன. தலைகள் நெருங்கி மறைத்தன, பிறகு விலகின. படத்தில் யாரும் வாசிக்காத நாதஸ்வரம் ஒன்று ஆரம்பம் முதல் முடிவு வரை நிற்காமல் ஒலித்தது.

சகாயராணி அதை ஆறாவது முறையாகப் பார்த்தாள். அரிகரன் அதில் இல்லைதான்.

"மாலை போட்டவரு உங்க அண்ணன் கண்ணையன்தானே சார்?"

"அண்ணன் மாதிரி இருக்கு. கறுப்பு வெள்ளையில எல்லாரும் ஒண்ணுபோலத்தான் இருப்பாங்க."

அவர் காப்பிக் கிண்ணத்தில் ரொட்டியை முக்கித் தின்றுகொண்டிருந்தார். ஊறிப்போன துணுக்கு ஒன்று மீசையில் ஒட்டிக்கொண்டு, அவர் பேசும்போதெல்லாம் ஆடியது. சகாயராணியால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"தொண்ணூத்தி மூணுல கல்யாணம்னு அந்தப் பொண்ணு சொல்லுது. தொண்ணூத்தி மூணுல எவம்மா கறுப்பு வெள்ளையில வீடியோ எடுத்தான்? எல்லாம் கம்ப்யூட்டர்ல பண்ண வேலை. இல்லன்னா எடுத்தவன இட்டுகினு வாங்க. நான்தான் எடுத்தேன்னு ஒருத்தன் கூண்டுல ஏறட்டும். அன்னிக்கே கேச வாபஸ் வாங்கிக்கறேன்."

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"பிரான்சுல. வருஷம் முழுக்க. கோர்ட்ல சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்திருக்கேன்."

"பழைய பாஸ்போர்ட்டு இருக்குங்களா சார்?" என்று கேட்டான் சகாயராணியின் உதவியாளன் பாக்யராஜ்.

"தொலஞ்சுபோச்சு."

"அதுக்கு மட்டும் கால் மொளச்சுடும் சார், கேஸுன்னு வந்தா."

அரிகரன் அவனைப் பார்க்காமல் சகாயராணியிடமே பேசினார். குரல் குழைந்தது. "அந்த செல்வகுமாரி நடவுக்கு வந்தவம்மா. அண்ணன் ஒண்டிக்கட்டை. சோறு ஆக்கிப் போட்டா, வூட்டோட தங்கிட்டா. இதுக்கு மேல நான் எப்படிச் சொல்றது? நீங்களும் பொம்பளதான், புரிஞ்சிக்குங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மீசைத் துணுக்கு கிண்ணத்துக்குள் விழுந்தது. அவர் கிண்ணத்தைத் தூக்கி மிச்சத்தையும் குடித்தார்.

வெளியே வந்து பைக்கை உதைத்தபோது பாக்யராஜ் சொன்னான்: "எக்கா, அந்த மீசைத் துணுக்க நானே தட்டிவுட்டுடலாம்னு பாத்தேன். சாட்சியத்த அழிச்சேன்னு அதுக்கும் ஒரு கேஸு போடுவாரேன்னு வுட்டுட்டேன்."

சகாயராணி சிரிக்கவில்லை. அவளுக்கு அருவருப்பு மீசையால் மட்டும் வந்ததல்ல. 'வூட்டோட தங்கிட்டா.' அந்த வார்த்தைகள் அவளுக்குப் பழக்கமானவை. வில்லியனூரில் ஜெராக்ஸ் கடை மாடியில் பதினேழு வருடமாக அவள் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். வரும் வேலையில் முக்கால்வாசி பெண் வீட்டைப் பற்றியும் மாப்பிள்ளை வீட்டைப் பற்றியும் கல்யாணத்துக்கு முன் விசாரித்துச் சொல்வது. 'தாயாரின் திருமணம் முறைப்படி நடந்ததாகத் தெரியவில்லை' என்று எத்தனை அறிக்கைகளில் டைப் அடித்திருக்கிறாள்? ஒரு வரி. அடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறாள். அந்த வரியின் மறுமுனையில் இருந்த பெண்களில் ஒருத்தியின் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

இந்த முறை முகம் இருந்தது. சுவேதா. முப்பது வயது. திருபுவனைத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கண்ணையன் போன ஆடியில் இறந்தார். செல்வகுமாரி அதற்கு நான்கு வருடம் முன்பே போய்விட்டாள். அவர்களுடைய ஒரே மகள் சுவேதா இன்னும் அந்தப் பூர்வீக வீட்டில் இருக்கிறாள். அண்ணனுக்குக் கல்யாணமே நடக்கவில்லை, வீடு தனக்குத்தான், அவள் வெளியேற வேண்டும் என்று தம்பி அரிகரன் வழக்குப் போட்டிருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் முப்பது வருடம் இருந்து, பென்ஷனோடு திரும்பி வந்தவர். பத்திரிகை அடிக்காத கல்யாணம். மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பதிவும் இல்லை. சாதி விட்டுச் சாதி என்பதால் திருவாண்டார்கோயிலில் போய்க் கட்டிக்கொண்டார்கள். படத்தில் தெரியும் மூன்று தலைகளில் இரண்டு பேர் உயிரோடு இல்லை. மூன்றாமவருக்கு நினைவு இல்லை.

சுவேதாவிடம் இருப்பது அலமாரியின் அடியில் கிடைத்த ஒரு வீடியோ கேசட்டும், அதிலிருந்து போட்ட இந்த டிஸ்க்கும்தான். திங்கட்கிழமை விசாரணை. இன்று சனி.

"எடுத்தவன் யாரு?" என்றாள் சகாயராணி. "இதுக்குப் பதில் கெடச்சா மீதி எல்லாம் கெடச்சிடும்."

"அந்தக் காலத்துல இந்தப் பக்கம் இருந்தது மூணே வீடியோக்காரங்கக்கா. மூணு பேருக்கும் நான் லைட்டு புடிச்சிருக்கேன். பதினஞ்சு வருஷம். என் மூஞ்சி இந்தக் கலர்ல இருக்கறதே அந்த லைட்டு சூட்டுலதான். இது அவங்க எடுத்தது இல்ல. ஆடிக்கினே இருக்குது பாரு. வூட்டு ஆளு எவனோ எடுத்தது."

* * *

அந்த டிஸ்க்கைப் போட்டுக் கொடுத்தவர் தமிழ்க்குமரன். வில்லியனூரில் அவருடைய ஸ்டுடியோவில் ஊதுபத்தி வாசனை வந்தது. ஊதுபத்திக்கு அடியில் வேறு ஒரு வாசனை இருந்தது: பூசணம், எலிப் புழுக்கை, வியர்த்த ரப்பர் செருப்பு. தமிழ்க்குமரன் கேசட்டின் மூடியைத் தூக்கிக் காட்டினார். கறுப்பு நாடாவின் ஓரம் முழுக்க வெள்ளைப் பூசணம், கெட்டுப்போன பாலில் ஏடு படிந்ததுபோல.

"ஒரு வாட்டி ஓட்டனேன். டிஸ்க்கு போட்டேன். உள்ள இருந்து செதில் செதிலா கொட்டுச்சும்மா. என் மெஷினோட பெல்ட்டே அறுந்துபோச்சு. இனிமே இன்னும் ஒரு வாட்டி ஓடும். அதோட அவ்ளோதான்."

மேசை மேல் மெஷின் திறந்து கிடந்தது. ஒரு பக்கம் கேசட் போட வாய், இன்னொரு பக்கம் டிஸ்க் போடத் தட்டு. கேசட் ஓட ஓட அதே மெஷினே டிஸ்க்கில் பதிந்துவிடும். காம்போ ரெக்கார்டர் என்று இந்தக் கடைக்காரர்கள் சொல்வார்கள்.

"இதுல இருந்த நாதஸ்வரம்?"

"நான் போட்டது." தமிழ்க்குமரன் முகத்தில் பெருமை. "எல்லாருக்கும் போடுவேன். உள்ள ஒரே காத்து சத்தம், நாயி கொரைக்கறது, யாரோ பேசறது. அத எல்லாம் எடுத்துட்டு மேளத்த ஏத்தனாத்தான் கல்யாணம்னு ஒரு களை வரும்."

சகாயராணி கண்ணை மூடித் திறந்தாள். "யாரோ பேசறது. யாரு? இன்னா பேசனாங்க?"

"அத யாரும்மா காது குடுத்துக் கேக்கறது? நான் சத்தத்த மியூட்ல வெச்சுட்டுத்தான் ஓட்டுவேன். ஒரு நாளைக்கு நாலு கல்யாணம் பாத்தா நீங்களும் அப்படித்தான்."

"சாட்சியோட வாயில துணிய அடச்சுட்டு, அதும் மேல மேளம் வாசிச்சிருக்காரு" என்றான் பாக்யராஜ். "நல்ல காரியம் தலைவரே."

"கலர் ஏன் போச்சு?" என்று கேட்டாள் சகாயராணி.

"பழசு. வெளுத்துப்போச்சு."

"பொடவையா வெளுக்கறதுக்கு?" பாக்யராஜ் குறுக்கிட்டான். "டேப்பு பழசானா கோடு வுழும், புள்ளி வுழும், படம் ஆடும். கலர் மட்டும் மூட்டையக் கட்டிக்கினு சொல்லாம கொள்ளாம போகாது. நான் எத்தன டேப்பு பாத்திருக்கேன்."

சகாயராணி சுவரோரம் அடுக்கியிருந்த கேசட்டுகளைப் பார்த்தாள். எல்லாவற்றின் மேலும் வாடிக்கையாளர் பெயர், ஊர், ஸ்கெட்ச் பேனாவில். ஒரு கேள்வி அவளுக்குள் மெதுவாக உருவாகி வந்தது. தொழிலில் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் அந்தக் கணம்தான். இன்று அதுகூடக் கசப்போடு வந்தது.

"இந்த மெஷின்ல இதுமாதிரி கறுப்பு வெள்ளையா வந்தது வேற உண்டா?"

"உண்டே. ஒரு ஆறேழு வந்திருக்கும்."

"யார் யாரு வீட்டுது?"

தமிழ்க்குமரன் விரல் விட்டார். "கடைத் தெருவுல, பிரெஞ்சு பட்டாளத்துல இருந்த மிலித்தேர் தாத்தா வூடு. அவரு புள்ளைங்க எல்லாம் பாரீசு. அப்புறம் சர்ச்சுப் பக்கம் ஒரு அம்மா, மருமகன் பிரான்சு. அரியாங்குப்பத்துல பட்டாளத்து பென்ஷன் வாங்கற ஒரு சொல்தா வூடு. அப்புறம்..." விரல் நடுவில் நின்றது. "எல்லாமே பிரான்சு பார்ட்டிங்க. அவங்க வூட்ல ஏ.சி. ஜாஸ்தி இல்லையா, அதுல கலர் எறங்கிடும்னு நெனச்சேன்."

பாக்யராஜ் அவரைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்தான். "ஏ.சி. போட்டா கலர் எறங்குமா. இந்த விஷயம் தெரியாம என் பொண்டாட்டி மூஞ்சிக்கு மாசாமாசம் கிரீம் வாங்கறா."

"ஏ.சி. இல்ல" என்றாள் சகாயராணி. "பிரான்சுல கேமராவுக்குக் கலர் பதியற முறையே வேற. நம்ம ஊர் மெஷினுக்கு அது புரியாது. புரியாதத வுட்டுட்டுக் கறுப்பு வெள்ளைய மட்டும் காட்டுது. கலர் போகல. டேப்புக்குள்ளயே இருக்குது."

"அப்டின்னா, எடுத்த கேமரா..." என்றான் பாக்யராஜ்.

"பிரான்சுல வாங்கனது."

பாக்யராஜ் பூசணம் பிடித்த கேசட்டைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தான்.

"அந்தச் சர்ச்சுப் பக்கத்து அம்மா கேசட்ட திரும்ப வாங்கினு போனாங்களா?" என்று கேட்டாள் சகாயராணி.

"இல்ல. கலர் இல்லாம எனக்கு எதுக்குன்னு வுட்டுட்டுப் போயிட்டாங்க."

"அதக் கடனாக் குடுங்க. நம்ம டேப்பு ஒரு வாட்டிதான் ஓடும், மொதல்ல இதுல சோதிச்சுப் பாக்கணும். ஒரு மணி நேரம்."

* * *

திருபுவனையில் விழுப்புரம் சாலையோரம் சாமிக்கண்ணுவின் பழைய சாமான் கடை. காலி செய்யும் வீடுகளில் மிஞ்சியதை மொத்தமாக வாங்கி வருவார். கட்டில் கால்கள், கிரைண்டர்கள், யாரோ ஒருவருடைய பல் செட். அதைத் தாண்டும்போது சகாயராணி முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"காம்போ ரெக்கார்டரு ரெண்டு இருக்குது" என்றார் சாமிக்கண்ணு. "இது சிங்கப்பூரு. புதுசு மாதிரி. ரிமோட்டு, ஒயரு, புஸ்தகம் எல்லாம் இருக்குது. சிங்கப்பூரு டேப்பு ஓடும், நம்மூரு டேப்பு ஓடும், அமெரிக்கா டேப்பு ஓடும். இதையே எடுத்துக்க."

வெள்ளி நிறத்தில் பளபளவென்று இருந்தது. துடைத்து, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார்.

"இன்னொண்ணு?"

சாமிக்கண்ணு தயங்கினார். ஒரு சாக்கை விலக்கினார். கறுப்பாக, கனமாக, ஒரு மூலை உடைந்து ஒரு பெட்டி. பாக்யராஜ் தூக்கியதும் உள்ளேயிருந்து ஏதோ உருண்டது. மூடியைக் கழற்றினான். கரப்பான் முட்டைக் கூடுகள், உலர்ந்த ஓடுகள், ஒரு பல்லியின் எலும்பு.

"எக்கா, இது ரெக்கார்டர் இல்ல. சுடுகாடு."

"பின்னாடி திருப்பு."

பின்பக்கம், வழக்கமான மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகளோடு, விரல் நீளத்துக்கு அகலமான, நிறையப் பல் வைத்த ஒரு துளையும் இருந்தது. ஒயரின் நுனியில் உருண்டையான இரண்டு குச்சிகள், நடுவில் ஓர் ஓட்டை. இந்த ஊர்ச் சுவரில் எங்கேயும் நுழையாத பிளக்.

"எந்த வூட்டுது இது?"

"வில்லியனூர்ல பிரான்சு பார்ட்டி ஒண்ணு வூட்ட வித்தாங்க. அதுல வந்தது. எவனும் சீந்தல."

"இதுக்கு ரிமோட்டு?"

"ரிமோட்டு எதுக்கும்மா? பட்டன அமுக்கனா ஓடுது."

"ஓடறது சரி. பதிஞ்சு முடிச்ச அப்புறம் டிஸ்க்க மூடி முத்திர போடணும் இல்ல? அது ரிமோட்லதான் இருக்கும். முத்திர போடலன்னா இந்த ஒரு மெஷின்ல தவிர வேற எதுலயும் டிஸ்க்கு ஓடாது. ஜட்ஜு மேசை மேல இந்தச் சுடுகாட்டத் தூக்கி வெக்க முடியுமா?"

சாமிக்கண்ணு அரை மணி நேரம் தேடினார். பல் செட் இருந்த டப்பாவிலேயே ரிமோட்டும் இருந்தது. பாக்யராஜ் அதை வேட்டி நுனியால் பிடித்து வாங்கினான். பிறகு உட்கார்ந்து, வெள்ளைத் தாளில் ஸ்பிரிட் நனைத்து, கேசட் உரசும் உருளையைச் சுற்றிச் சுற்றித் துடைத்தான். தாள் காப்பித் தூள் நிறத்தில் வந்தது. ஆறாவது தாள்தான் வெளுப்பாக வந்தது. பேசாமல் செய்தான். அவன் பேசாமல் செய்யும் ஒரே வேலை அதுதான்.

முதலில் கடை டி.வி.யில் இணைத்த சிங்கப்பூர் மெஷினில், கடன் வாங்கி வந்த கேசட்டைப் போட்டார்கள். யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள். படம் துல்லியம். கறுப்பு வெள்ளை.

பிறகு, பிளக்குக்கு ஓர் அடாப்டர் தேடி மாட்டி, அதே கேசட்டை அந்த அழுக்குப் பெட்டியில். கடகடவென்று சத்தம். நீலத் திரை. திடீரென்று ரோஸ் நிறக் கேக், பச்சைக் கவுன், சிவப்பு பலூன்.

"அடங்கப்பா" என்றார் சாமிக்கண்ணு. "வெல கம்மியா சொல்லிட்டேனே."

பளபளப்பாக இருந்தது குருடு, பல்லி எலும்போடு கிடந்தது கண் உள்ளது. சகாயராணிக்கு அதில் வியப்பு ஏதும் தோன்றவில்லை. காலையில் அரிகரன் வீட்டுக் கூடம் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று மட்டும் நினைத்தாள்.

மதிய இடைவேளையில் சுவேதா வந்தாள். தொழிற்சாலை மேல்கோட்டு, தலையில் வலைத் தொப்பி. கழற்ற மறந்திருந்தாள்.

"ஒரு வாட்டிதான் ஓடும்" என்றாள் சகாயராணி. "ஓடும்போதே பதியணும். நடுவுல நிறுத்த முடியாது. உங்க முன்னாடி ஓட்டணும்னு தோணுச்சு."

சுவேதா தலையை ஆட்டினாள். "காலையில அவரப் பாத்தீங்களா? அம்மாவப் பத்தி இன்னா சொன்னாரு?"

சகாயராணி ஒயரைச் சரிபார்க்கக் குனிந்தாள். "தெரியும்" என்றாள் சுவேதா. "தெருவுல எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்றாரு. வூடு போனாக்கூடப் போவட்டும் மேடம். அந்த வார்த்தைய மட்டும் அவரு வாயாலயே திரும்ப எடுத்துக்கணும்."

பாக்யராஜ் புது டிஸ்க்கைத் தட்டில் வைத்தான். பூசணம் பிடித்த கேசட்டை உள்ளே தள்ளினான். பதிவுப் பொத்தானை அழுத்தினான்.

இரைச்சல். கோடுகள். பிறகு கோயில் வாசல், நிறத்தோடு.

காவிப் பட்டை அடித்த மதில். அரளி. அரக்குச் சிவப்பில் கூறைப்புடவை. செல்வகுமாரியின் கன்னத்தில் அப்பியிருந்த மஞ்சள் வியர்வையில் கரைந்து கழுத்தில் இறங்கியிருந்தது. நாதஸ்வரம் இல்லை. காற்று, ஒரு நாய், மணிச் சத்தம். அப்புறம் மிக அருகில், கேமராவுக்குப் பின்னாலிருந்து, ஓர் இளம் ஆணின் குரல்.

"அண்ணி, கொஞ்சம் நிமிருங்க. வெக்கப்பட்டது போதும். படத்துல மூஞ்சி வுழ வேணாமா?"

செல்வகுமாரி நிமிர்ந்தாள். சுவேதாவின் கை வாய்க்குப் போனது.

திரையில் கண்ணையன் நேராக அவர்களைப் பார்த்தார். இடக்கையை ஆட்டிக் கூப்பிட்டார். "அரி, நீயும் வந்து நில்லுடா. அத யார்கிட்டனா குடு."

"நான் வந்து நின்னா யாருண்ணே எடுக்கறது? நீ கட்டு மொதல்ல. நேரம் போவுது."

கைகள் உயர்ந்தன. தலைகள் நெருங்கின. கேமரா இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து, எக்கி, தலைகளுக்கு மேலாகப் பார்த்தது. மஞ்சள் கயிறு. மூன்று முடிச்சு. கறுப்பு வெள்ளையில் புடவையின் மடிப்போடு மடிப்பாகத் தெரிந்த அது, இப்போது பளிச்சென்று தனியாகத் தெரிந்தது. கேமரா ஆடியது. குரலும் கொஞ்சம் ஆடியது.

"எங்க அம்மா வரலன்னு அழுவாதீங்க அண்ணி. நான் இருக்கேன் இல்ல."

சட்டென்று மெஷினுக்குள் ஏதோ இழுபட்டு அறுந்தது. படம் நின்றது. நீலத் திரை. பாக்யராஜ் ரிமோட்டைப் பிடுங்கினான். பேட்டரியைத் தேய்த்து மறுபடி போட்டான். நிறுத்தினான், பட்டியலில் இறங்கினான், ஒன்றை அழுத்தினான். மெஷின் நீண்ட நேரம் முனகியது. தட்டு வெளியே வந்தது.

அவன் டிஸ்க்கை எடுத்துக்கொண்டுபோய்ச் சிங்கப்பூர் மெஷினில் போட்டான். அரளி. அரக்குச் சிவப்பு. 'அண்ணி, கொஞ்சம் நிமிருங்க.'

"முத்திர வுழுந்துச்சு" என்றான். பிறகு, "படத்துல எங்கனா இருக்கேனான்னு கேட்டாரு. இருக்காருக்கா. முழுப் படத்துலயும் அவரு ஒருத்தர்தான் இருக்காரு."

சகாயராணி வெளியே வந்து நின்றாள். சாலையில் லாரிகள். அவளுக்கு உண்மையாகவே குமட்டியது. பொய்யைப் பார்த்து அவளுக்குக் குமட்டியதில்லை. பொய் அவளுக்குத் தினசரிச் சாப்பாடு. அந்தக் குரலில் பொய் இல்லை. அதுதான். குடும்பமே கதவைச் சாத்திக்கொண்டபோது கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றவன் அவன் ஒருத்தன்தான். 'நான் இருக்கேன் இல்ல' என்று மனசாரச் சொல்லியிருக்கிறான். அதே வாயில் முப்பது வருடம் கழித்து ரொட்டியை முக்கித் தின்றுகொண்டு 'வூட்டோட தங்கிட்டா' என்கிறான். ஆரம்பத்திலிருந்தே கெட்டவனாக இருந்திருந்தால் அவள் ஓர் அறிக்கை எழுதி மூடியிருப்பாள். நல்லவனாக இருந்த ஒருவன் எந்த நாளில், எந்தச் சாப்பாட்டு வேளையில், இப்படி ஆனான்? அதைப் படம் பிடிக்க யாருடைய கேமராவும் அங்கே இருந்திருக்காது.

உள்ளே சுவேதா போனைக் காதில் வைத்திருந்தாள்.

"எக்கா, தடுங்க" என்றான் பாக்யராஜ். "திங்கக்கிழமைக்குள்ள அந்த ஆளு எதனா ஜோடிச்சுடுவாரு."

"பேசட்டும். டிஸ்க்கு நம்ம கையில இருக்குது. ஸ்பீக்கர்ல போடும்மா."

பாக்யராஜ் தன் போனை எடுத்து ரெக்கார்டிங் தட்டிப் பக்கத்தில் வைத்தான்.

"யாரு?" அரிகரனின் குரல். வயதேறியிருந்தாலும் அதே குரல். அடுத்தடுத்துக் கேட்டபோது சந்தேகத்துக்கே இடமில்லை.

"சுவேதா. அம்மா கல்யாணப் படத்த இப்பத்தான் பாத்தேன். கலர்ல."

அந்தப் பக்கம் ஒரு கடிகாரம் ஓடுவது கேட்டது.

"அது இங்க கலர்ல வராதே" என்றார் அரிகரன்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். பாக்யராஜ் சகாயராணியைப் பார்த்து இரண்டு புருவத்தையும் தூக்கினான். கம்ப்யூட்டரில் செய்த படம். அவர் பார்த்தே இராத கல்யாணம். அது இங்கே கலரில் வராது என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

"வந்துச்சு" என்றாள் சுவேதா. "சத்தமும் வந்துச்சு."

அவர் வைத்துவிடுவார் என்று சகாயராணி நினைத்தாள். வக்கீல் பெயரைச் சொல்லி மிரட்டுவார், அல்லது பேரம் பேசுவார். இரண்டுக்கும் அவள் தயாராக இருந்தாள்.

"அண்ணன் மூஞ்சி தெளிவாத் தெரியுதா?"

"தெரியுது. சிரிக்கறாரு. உங்களத்தான் கூப்புடறாரு."

"எங்கிட்ட அவரு போட்டோ ஒண்ணுகூட இல்ல. சுவேதா. கேஸு கெடக்கட்டும். அதுல எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடுப்பியா?"

சகாயராணிக்கு ஒரு நொடி அந்த ஆள்மேல் இரக்கம் வந்தது. அன்று பார்த்த பூசணம், பல்லி எலும்பு, மீசை எல்லாவற்றையும்விட அந்த இரக்கம்தான் அவளுக்கு அதிகமாக அருவருத்தது.

சுவேதா வலைத் தொப்பியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தாள். வழக்குப் போட்ட நாளிலிருந்து அவள் அந்த மனிதரை எந்த உறவு சொல்லியும் கூப்பிட்டதில்லை.

"திங்கக்கிழமை கோர்ட்ல தாக்கல் ஆயிடும். நகல் மனு போட்டு வாங்கிக்குங்க, சித்தப்பா."